கல்குடாக் கடலில் கயாக் மீன்பிடி: கவிழ்ந்தால் நீந்துவதா, பிடித்துக்கொண்டிருப்பதா?

நோர்வூட் தூண்டில்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மைத்துனரும் மலைநாட்டுக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கயாக்கில் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறுபடகில்) இருந்தபடி தூண்டில் போட்டுப் பழகியவர்கள். எங்களிடம் இருப்பவை உள்ளே காலை நுழைத்து அமரும் வகையல்ல. மேல்தட்டிலேயே அமர்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக்குகள், ஆளுக்கொன்று. ஆசனத்துக்குப் பின்னால் தூண்டில் சாமான் பெட்டியையும் மீன் போடும் குளிர்ப்பெட்டியையும் இறப்பர் பட்டியால் இழுத்துக் கட்டியிருப்போம். திலாப்பியாவும் கெண்டையும் பிடித்துச் சலித்துவிட்டதால், வருகின்ற ஓகஸ்ட் விடுமுறையில் இரண்டையும் வானின் கூரையில் ஏற்றிக்கொண்டு பதுளை, பிபிலை, செங்கலடி வழியாகக் கிழக்குக் கரையில் உள்ள கல்குடாவுக்குப் போய், பாரை மீனுக்கும் சீலா மீனுக்கும் தூண்டில் போடலாம் என்று எண்ணியிருக்கிறோம்.

இருவருக்கும் நீச்சல் தெரியும். ஆனால் நீர்த்தேக்கத்தில் இதுவரை கவிழ்ந்ததில்லை என்பதால், கவிழ்ந்தால் என்ன நடக்கும் என்பது தெரியாது. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தொலைவில் அப்படி நேர்ந்தால், கயாக்கைக் கைவிட்டுக் கரையை நோக்கி நீந்துவது நல்லதா, அல்லது அதையே பிடித்துக்கொண்டிருப்பது நல்லதா? ஓகஸ்டில் அந்தப் பக்கத்துக் கடல் குளம்போலக் கிடக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். உயிர்காப்பு அங்கி எத்தகையதாக இருக்க வேண்டும், வேறு எவற்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் இந்தப் பயணத்துக்கு அரைமனதாகவே தலையசைத்திருக்கிறார்கள்.

கல்குடா மருமகன் எழுதியது:

தம்பி, நான் மஸ்கெலியாவில் பிறந்து வளர்ந்து, பெண் எடுத்த வகையில் கல்குடாப் பக்கம் குடியேறியவன். கவிழ்வதைவிட, கவிழ்ந்த பிறகு காற்று உங்களை எங்கே கொண்டுபோகும் என்பதுதான் கடலில் பெரிய கேள்வி. காசல்ரீயிலோ மவுசாகலையிலோ காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் ஏதோ ஒரு கரையில் உங்களை ஒதுக்கிவிடும். அது சேறும் பட்ட மரக்கட்டைகளும் நிறைந்த இடமாக இருக்கலாம். தோட்டத்து எல்லையைச் சுற்றி நெடுந்தூரம் நடந்து வீடு சேர வேண்டியும் வரலாம். ஆனாலும் அது கரை. கல்குடாவிலிருந்து கிழக்கே அடித்துச் செல்லப்பட்டால் அடுத்துள்ள நிலம் அந்தமான், நிக்கோபார் தீவுகள்தான். அங்கே போய்ச் சேர 1,000 கிலோமீற்றருக்கும் மேல் கடல் இருக்கிறது.

ஓகஸ்டில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அமைதிக்குக் காரணம் என்ன என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். அந்தக் காற்று உங்கள் பக்கத்து மலைகளில் மோதி, வட்டவளையிலும் நோர்ட்டன் பிரிட்ஜிலும் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது ஈரமற்ற வெப்பக் காற்றாகிவிடுகிறது. இங்கே அதைக் கச்சான் என்பார்கள். கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பது. அலை எழும்ப வேண்டுமானால் காற்று நீர்ப்பரப்பின் மேல் நெடுந்தூரம் ஓட வேண்டும். கரையோரத்தில் அந்தத் தூரம் கிடைப்பதில்லை. ஆகவேதான் மணலில் நின்று பார்ப்பவருக்குக் கடல் தட்டையாகத் தெரிகிறது. கயாக்கில் ஏறி வெளியே போகும்போது காற்று முதுகைத் தள்ளுவதால் துடுப்பு இலகுவாக விழும். எவ்வளவு தூரம் வந்தோம் என்பதே தெரியாது. கயாக்கைத் திருப்பிக் காற்றுக்கு முகம் கொடுக்கும்போதுதான் உண்மை விளங்கும். சில நாட்களில் பிற்பகலில் கடற்காற்று எழுந்து கச்சானை மடக்கிவிடும். கச்சான் வலுத்த நாட்களில் கடற்காற்றை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண்.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: காலூன்றி நிற்கக்கூடிய ஆழத்துக்கு வெளியே கயாக்கைக் கைவிட்டு நீந்தவே கூடாது. அங்கி அணிந்து நீந்துபவர் மணிக்கு 2 கிலோமீற்றர் வேகத்தைக்கூட நெடுநேரம் தாக்குப்பிடிக்க மாட்டார். எதிர்க்காற்றும் சிற்றலையும் முகத்தில் அடிக்கும்போது அதிலும் பாதிதான் மிஞ்சும். அதைவிட முக்கியம், தேடி வருபவர்களின் கண்ணுக்கு எது படும் என்பது. கடலில் ஒரு மனிதத் தலை சில நூறு மீற்றருக்கு அப்பால் தெரிவதில்லை. செம்மஞ்சள் நிறத்தில் மூன்று, நான்கு மீற்றர் நீளத்துக்கு மிதக்கும் ஒரு பொருளை வாழைச்சேனையிலிருந்து வரும் இயந்திரப் படகுக்காரர் எளிதில் கண்டுவிடுவார். உங்கள் கயாக்குகள் கரும்பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால், அடிப்பக்கத்தில் பளிச்சென்ற நிறப்பட்டி ஒன்றை ஒட்டிவிடுங்கள். கவிழ்ந்த பிறகு வெளியே தெரிவது அடிப்பக்கம்தான் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

பாசிக்குடா வளைகுடாவின் உட்பகுதியில் நெடுந்தூரத்துக்கு இடுப்பளவு நீரே உண்டு. அங்கே கவிழ்ந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம். அந்த ஆழமின்மையில் கிடைத்த துணிச்சலோடு முருகைக்கல் (பவளப்பாறை) திட்டைத் தாண்டி வெளியே போவதுதான் ஆபத்து. கச்சான் காலத்தில் கரையிலிருந்து 300 மீற்றருக்கு மேல் போக வேண்டாம் என்பது என் சொந்தக் கணக்கு. ஒரு கிலோமீற்றர் என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். பாரையும் சீலாவும் கல் உள்ள இடத்தில் கரைக்கு அருகிலேயே கிடைக்கும். நீரில் இறங்கியவுடன் ஒரு சோதனை செய்யுங்கள்: 100 மீற்றர் போனதும் திரும்பி, காற்றை எதிர்த்துக் கரைவரை துடுப்புப் போட்டு வாருங்கள். மூச்சு வாங்கினால் அன்றைய நாளைக் கடற்கரையில் கழியுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் முன்னறிவிப்பை முதல் நாள் மாலையிலும் புறப்படும் காலையிலும் பாருங்கள். இன்னொரு அறிகுறி உங்கள் வாசலிலேயே இருக்கிறது. நோர்வூட்டில் காற்று இரைந்து, மழை விடாமல் பெய்யும் நாட்களில் இங்கே கச்சான் பெரும்பாலும் கடுமையாகவே இருக்கும். அப்படியான வாரத்தில் வானில் கயாக்கை ஏற்றுவதற்கு முன் இங்குள்ள ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறங்கும் இடத்தில் உள்ள மீனவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது மரியாதையும் பாதுகாப்பும் ஆகும். கரைவலை வளைத்திருக்கும் நேரத்தில் அதன் கயிற்றைக் கடந்தால் ஏச்சு விழும், கவிழவும் கூடும். வாழைச்சேனைக் களப்பின் முகத்துவாரத்தில் நீர் வெளியே இழுக்கும் நேரங்கள் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஹட்டன் துடுப்பு எழுதியது:

மேலே உள்ள அண்ணா காற்றைப் பற்றிச் சொன்னதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. கவிழ்ந்த கயாக்கில் மீண்டும் ஏறுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதைக் கல்குடாவில் போய்ப் பழகக்கூடாது. புறப்படுவதற்கு முன் காசல்ரீயிலேயே, காற்றில்லாத ஒரு காலைப்பொழுதில், அணைக்கட்டும் நீர் வழிந்தோடும் இடமும் நீரை உள்ளிழுக்கும் சுரங்கவாயும் உள்ள பகுதிக்கு வெகு தொலைவில், முதலில் மார்பளவு நீரிலும் பிறகு கால் எட்டாத நீரிலும் இருவரும் மாறி மாறி வேண்டுமென்றே கவிழ்ந்து ஏறிப் பாருங்கள். கடலுக்கு எந்த உடையோடு போவீர்களோ அதே உடையோடு, பெட்டிகளையும் கட்டியபடியே செய்யுங்கள். வெறும் கயாக்கில் ஏறுவது எவருக்கும் வரும். ஏற்றிய பாரத்தோடு ஏறுவதே வித்தை.

கவிழ்ந்தவுடன் முதல் வேலை துடுப்பையும் கயாக்கையும் கைவிடாமல் இருப்பது. காற்றில் வெறும் கயாக் நீங்கள் நீந்துவதைவிட வேகமாக ஓடிவிடும். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் கயாக்கின் பக்கவாட்டுக்கு வந்து, கவிழ்ந்து கிடக்கும் அடிப்பகுதியின் மேலாகக் கையை நீட்டி, மறுபக்கத்துப் பிடியையோ அடியில் உள்ள நீர்வடி துளையையோ பற்றுங்கள். முழங்காலை உங்கள் பக்கத்து விளிம்பில் ஊன்றி, உடல் பாரம் முழுவதையும் பின்னுக்குச் சாய்த்தால் கயாக் உங்களை நோக்கிப் புரண்டு நிமிரும். அது நிமிரும்போது விளிம்பு முகத்தில் மோதாதபடி தலையை விலக்கிக்கொள்ளுங்கள். நடுவில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு முழ நீளக் கயிற்றை முன்கூட்டியே கட்டி வைத்திருந்தால் இந்த வேலை மிக எளிதாகும்.

ஏறும்போது பலரும் செய்வது, கால்களைக் கயாக்கின் அடியில் தொங்கவிட்டபடி கையால் மட்டும் மேலே இழுக்க முயல்வது. அப்படிச் செய்தால் கயாக் மறுபடியும் உங்கள் மேலேயே கவிழும். முதலில் கால்களை உதைத்து உடலை நீர்மட்டத்தோடு கிடையாகக் கொண்டுவாருங்கள். பிறகு கயாக்கை உங்களுக்குக் கீழே இழுப்பதாக நினைத்துக்கொண்டு, வயிறு ஆசனத்தின் மேல் வரும்வரை குறுக்காகச் சறுக்குங்கள். அதன் பின் புரண்டு இருக்கையில் அமர்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். நீங்கள் இருவர் போவதால், மற்றவர் தன் கயாக்கைப் பக்கத்தில் இணையாக நிறுத்தி, உங்கள் கயாக்கின் விளிம்பை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தால் அது ஆடாது. அதற்காகவே இருவரும் கூப்பிடும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஆளுக்கொரு திசையில் மீன் தேடிப் போவதானால் இருவர் போவதில் பயன் இல்லை.

பழகும்போது நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். கயாக் கவிழ்ந்த நொடியில் தூண்டில் நூல் தளர்ந்து, நீருக்குள் சுருள் சுருளாக நிற்கும். ஏறுவதற்காகக் காலை உதைக்கும்போது அந்தச் சுருளில் ஒன்று கணுக்காலில் விழுந்து, அடுத்த உதையில் இறுகிவிடும். பின்னல் நூலாக இருந்தால் கையால் அறுக்கவே முடியாது. இழுக்க இழுக்கத் தோலை வெட்டும். அதனால் கூர்முனை இல்லாத ஒரு கத்தி, எந்தக் கையாலும் எட்டக்கூடியவாறு, அங்கியின் மார்புப் பகுதியில் உறையோடு இருக்க வேண்டும். பெட்டிக்குள் கிடக்கும் கத்தி கவிழ்ந்தவனுக்கு உதவாது. மூன்று முனைத் தூண்டில் முட்களுக்கு உறை போடுவதும், பாவிக்காத தூண்டில்களை முன்னறைக்குள் வைத்து மூடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

கவிழ்வதற்கான காரணங்களை எடுத்துக்கொண்டால், உட்கார்ந்து நேராகத் துடுப்புப் போடுபவன் எளிதில் கவிழ்வதில்லை. பின்பெட்டியை எட்டித் திரும்பும்போதும், பெரிய மீனைப் பக்கவாட்டில் தூக்கும்போதும், நங்கூரக் கயிற்றோடு மல்லுக்கட்டும்போதும்தான் பாரம் விளிம்பைத் தாண்டுகிறது. தலை கயாக்கின் விளிம்புக்கு வெளியே போகாதவரை பெரும்பாலும் கவிழ மாட்டீர்கள். நங்கூரக் கயிற்றை நடுப்பகுதியில் ஒருபோதும் கட்டாதீர்கள். நீரோட்டத்துக்குக் குறுக்காக நின்று, அது கயாக்கைப் புரட்டிவிடும். முனையிலோ பின்பக்கத்திலோ கட்டி, உடனே அவிழ்க்கக்கூடிய முடிச்சுப் போடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மேலமர்ந்து ஓட்டும் கயாக் மூழ்காது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அறை மூடிகளும் பின்பக்கத் தக்கையும் நீர் புகாமல் இருக்கும்வரைதான் அது உண்மை. பெரும்பாலான மீன்பிடிக் கயாக்குகளின் உள்ளே தடுப்புச் சுவர் இல்லாததால், மூடி கசிந்து வயிற்றுக்குள் புகுந்த நீர் ஒரு பக்கம் சாய்ந்தால் முழுவதும் அந்தப் பக்கமே ஓடும். நிமிர்த்த நிமிர்த்தக் கவிழும். வெறுமையான சோடாப் போத்தல்களை இறுக மூடி உள்ளே நிறைத்து வைத்தால், நீர் புகும் இடம் அந்த அளவுக்குக் குறையும்.

நோர்வூட் தூண்டில்காரன் மீண்டும்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு கிலோமீற்றர் திட்டத்தைக் கைவிட்டோம். இரண்டு சந்தேகங்கள் எஞ்சியுள்ளன. ஆளையும் கயாக்கையும் கயிற்றால் பிணைத்துக்கொண்டால் அது காற்றில் ஓடாது அல்லவா? அதைச் செய்யலாமா? மேலும் எங்களிடம் இருப்பவை சுற்றுலாப் படகுகளில் கொடுக்கும் செம்மஞ்சள் அங்கிகள், அவை போதுமா?

கல்குடா மருமகன்:

அலை உடையும் இடத்தில் பிணைக்கவே கூடாது. பாரம் ஏறிய கயாக்கை அலை கரைக்கு வீசும்போது நீங்களும் அதனோடு இழுபடுவீர்கள். அந்த இடத்தில் கவிழ்ந்தால், எப்போதும் கயாக்குக்குக் கடற்பக்கமாகவே இருங்கள். கயாக்குக்கும் மணலுக்கும் நடுவில் அகப்பட்டால் கால் முறியும். அலை உடையும் இடத்தைத் தாண்டி, நிலத்திலிருந்து காற்று அடிக்கும் நாளில், ஒரே இழுப்பில் கழன்றுவிடும் இடைப்பட்டியோடு பிணைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

ஹட்டன் துடுப்பு:

இதில் மட்டும் அண்ணாவோடு எனக்கு உடன்பாடில்லை. தூண்டில் நூல், துடுப்புக் கயிறு, நங்கூரக் கயிறு எல்லாம் ஏற்கெனவே கிடக்கும் ஒரு கயாக்கில், இன்னொரு கயிற்றை இடுப்பில் கட்டச் சொல்ல மனம் வரவில்லை. துடுப்பைக் கயாக்கோடு பிணைத்துவிடுங்கள். துடுப்பைக் கையில் பிடித்திருக்கும்வரை கயாக்கும் கையில் இருக்கும். காற்று அடிக்கும்போது நீரில் கிடக்கும் துடுப்பு கயாக்கை ஓரளவு இழுத்து நிறுத்தவும் செய்யும். காசல்ரீயில் பழகும்போது இரண்டு முறையையும் செய்து பார்த்து, எது உங்களுக்குச் சிக்கலில்லாமல் வருகிறது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அங்கியைப் பொறுத்தவரை, உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) என்றிருந்தால் அது நீந்தத் தெரிந்த, நினைவோடு இருப்பவரை மிதக்க உதவும். மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பாது. துடுப்புப் போட வசதியானது அந்த வகைதான். 100, 150 என்று கூடக்கூட முகத்தை மேலே திருப்பும் ஆற்றல் கூடும், பருமனும் கூடும். சுற்றுலாப் படகு அங்கிகளில் பல சீட்டே இல்லாமல், வெயிலில் வெந்து உள்நுரை நொறுங்கிக் கிடக்கின்றன. பட்டிகளை எல்லாம் பூட்டிக்கொண்டு, தோளில் பிடித்து மைத்துனரை மேலே இழுக்கச் சொல்லுங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது உங்களுக்கானதல்ல. ஏறாவிட்டால் காசல்ரீயில் அணிந்து மிதந்து பாருங்கள். வாய் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கவில்லையென்றால் புதிது வாங்குங்கள். என்ன விலையானாலும் தூண்டிலில் மிச்சம் பிடிக்கலாம், இதில் வேண்டாம்.

பதுளைத் தாதி எழுதியது:

கடலிலிருந்து கொண்டுவரப்படுபவர்களைப் பார்க்கும் வேலை எனக்கு மட்டக்களப்பில் பணியாற்றிய காலத்தில் இருந்ததால், சிலவற்றைச் சேர்க்கிறேன். கிழக்குக் கடலின் நீர் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் இருக்கும். மலைநாட்டு நீர்த்தேக்கத்தில் விழுந்தவுடன் ஏற்படும் மூச்சடைப்பு அங்கே அவ்வளவாக வராது. ஆனால் உடல்வெப்பம் 37 பாகை. நீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கவர்வதால், சில மணிநேரம் நீருக்குள் கிடந்தால் வெப்பநாட்டுக் கடலிலும் நடுக்கம் வந்து கைகள் சோர்ந்துவிடும். ஏற முடியாவிட்டாலும், மார்பை இயன்ற அளவு கயாக்கின் மேல் போட்டு நீருக்கு வெளியே வைத்திருங்கள். இருவரும் விழுந்திருந்தால் மார்போடு மார்பு சேர்ந்து இருங்கள். வெறுமனே நீந்தி உடலைச் சூடாக்க முயல வேண்டாம். அது சூட்டை இன்னும் விரைவாக இழக்கச் செய்யும். குடிநீர்ப் போத்தல் ஒன்றை உடலோடு கட்டியிருங்கள்; கடல்நீரை ஒரு மிடறும் குடிக்கக்கூடாது.

கரைக்குக் கொண்டுவரப்பட்டவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்னும் பல இடங்களில் நடக்கின்றன. அவ்வாறு செய்தால் வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போகும், பொன்னான நேரமும் வீணாகும். மூச்சு இல்லையென்றால், மல்லாக்காகக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்சாய்த்து, மூக்கைப் பொத்தி, முதலில் 5 முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தங்களும் 2 ஊதல்களுமாக, உதவி வரும்வரை நிறுத்தாமல் செய்யுங்கள். மூச்சிருந்து மயங்கியிருந்தால் ஒருக்களித்துக் கிடத்துங்கள். நீரைக் குடித்து இருமியவர் நன்றாகப் பேசினாலும் மருத்துவமனையில் சில மணிநேரம் இருக்கட்டும்; மூச்சுத்திணறல் பிந்தியும் வரலாம். 1990 என்ற எண்ணில் நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும்.

கல்குடா மருமகன்:

தங்கை சொன்னதோடு, கரையில் நிற்கப் போகிறவருக்கான வேலையையும் சொல்லிவிடுகிறேன். அரைமனதாக இருக்கும் வீட்டாருக்கும் இது ஒரு தெம்பு. எங்கே இறங்குகிறீர்கள், எந்தப் பக்கம் போகிறீர்கள், கயாக்குகளின் நிறம் என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். காலை 5.30க்கு இறங்கினால் 9 மணிக்குள் மணலில் இருக்க வேண்டும். 9.30 ஆகியும் தெரியாவிட்டால் அவர் முதலில் அந்தக் கரையில் உள்ள படகுக்காரரிடமும், உடனேயே 119 என்ற பொலிஸ் அவசர எண்ணிலும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வந்து சேரும் முன் படகுக்காரரே உங்களிடம் வந்துவிடுவார். கையடக்கத் தொலைபேசியை நீர் புகாத உறையில் இட்டு, கயாக்கின் அறைக்குள் அல்லாமல் அங்கியின் பையில் வையுங்கள். உறையை வீட்டில் தண்ணீர் வாளியில் அமிழ்த்திச் சோதித்துவிட்டுப் புறப்படுங்கள். ஊதுகுழல் ஒன்றை அங்கியின் தோளில் கட்டுங்கள். படகு தெரிந்தால் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஒரு கையை மட்டும் ஆட்டினால் வணக்கம் சொல்கிறான் என்று நினைத்து அவரும் கையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

நீங்கள் எந்த வாரம் வருகிறீர்கள் என்பதைக் குறித்தவுடன் இங்கே எழுதுங்கள். காற்று எப்படி என்று முதல் நாள் மாலையில் கடற்கரைக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.